கச்சேரி ரோட்டுப் பற்று வரவு

மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டின் பெயரைக் கேட்ட வெளியூர் நண்பர்கள், மார்கழி மாதம் முழுவதும் அங்கே வீட்டுக்கு வீடு சங்கீதம் பொழிந்துகொண்டிருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு வருவதும், இரண்டு பக்கமும் கடைகளும் நடுவே வண்டிகளுமாக அது சாதாரண வியாபார வீதியாக இருக்கக் கண்டு முகம் வாடுவதும் நான் பல முறை பார்த்த வேடிக்கை. இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி அல்ல. பழைய நாளைய வழக்கில் சர்க்கார் காரியாலயத்துக்கும் நியாயஸ்தலத்துக்கும் கச்சேரி என்று பெயர்; அந்தக் கச்சேரி போன பிறகும் வீதியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. லஸ் மூலையில் தொடங்கிக் கிழக்கே சாந்தோமில் போய் முடியும் இந்த வீதி ஒரு மைல்கூட வராது. ஆயினும் அந்தச் சிறு தூரத்துக்குள் கபாலீசுவரர் கோயிலுக்குப் பூக்கூடை சுமந்து போகிறவர்களையும், ஜும்மா மசூதியில் தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்களையும், சாந்தோம் மாதா கோயிலுக்கு முக்காடிட்டுப் போகிறவர்களையும் ஒரே காலை வேளையில் பார்த்துவிடலாம் என்பது சிறு பிராயத்தில் எனக்கு ஆச்சரியமாகவே தோன்றியதில்லை. உலகத்து வீதிகள் யாவுமே இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

மயிலாப்பூரின் சரித்திரம் என்று யாராவது எழுதப் புகுந்தால் லஸ் சர்ச் ரோட்டுப் பங்களாக்களில் தொடங்குவதுதான் சம்பிரதாயம். வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழுவில் அங்கம் வகித்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அமிருதாஞ்சனத்தையும் ஆந்திர தேசப் பத்திரிகைகளையும் ஒருங்கே வளர்த்த நாகேசுவர ராவ் பந்துலு, அந்தப் பந்துலுவின் ஸ்ரீபாக் மாளிகையில் 1937-இல் ஆந்திரத் தலைவர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை — இவற்றையெல்லாம் எழுதக் கைகள் பல உண்டு, எழுதியும் இருக்கிறார்கள். அந்தப் பெரிய மனிதர்களின் வீட்டுச் சமையலறைக்குத் துவரம்பருப்பு எந்தக் கடையிலிருந்து போயிற்று, மாதக் கடைசியில் பணம் எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். என் அபிப்பிராயத்தில் ஒரு வீதியின் மெய்யான சரித்திரம் அந்த வீதி மளிகைக் கடையின் பேரேட்டில்தான் இருக்கிறது. அப்படி ஒரு பேரேட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குச் சில வருஷங்கள் கிடைத்தது.

எங்கள் சந்து கச்சேரி ரோட்டில் வந்து கூடும் முனையில் இருந்தது அந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது; செட்டியார் கடை என்றால் போதும். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசும் அந்தச் செட்டியார், வாசற்படியிலிருந்து முழ உயரம் எழுப்பிய பலகை மேடையில், இடது பக்கம் கல்லாப்பெட்டியும் வலது பக்கம் தராசுமாக, விடியற்காலை விளக்கேற்றியது முதல் இரவு கோயில் நடை சாத்துகிறவரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி வாய் மடித்த சாக்குகளில் பருப்பு வகைகளும், தகர டப்பாக்களில் மிளகு சீரகமும், மண் பானையில் புளியும், ஓலைப் பாயில் சுற்றிய வெல்லமும் இருக்கும். மேலே உத்தரத்தில் ஒரு தகரக் கூண்டுக்குள் நூற்கண்டு தொங்கும். பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சாமானைக் கொட்டி, தலைப்பை மடித்து, தொங்கும் நூலை இழுத்து நான்கு சுற்றுச் சுற்றி, முடி போடாமலே சுண்டி அறுத்து அவர் பொட்டலம் கட்டும் லாகவத்தை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பொட்டலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒருநாளும் அவிழ்ந்தது கிடையாது. வீட்டில் அதை அவிழ்க்கும்போது நூலை மட்டும் பாட்டி பத்திரமாகச் சுருட்டி வைத்துக்கொள்வாள். தாளில் அச்சாகியிருக்கும் பாதிக் கதையை நான் படிப்பேன். மீதிக் கதை எந்த வீட்டுப் பொட்டலத்தில் போயிற்றோ!

அளவைகளைப் பற்றி இக்காலத்தவருக்குக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். முகத்தலளவையில் எட்டு ஆழாக்கு ஒரு படி; எட்டுப் படி ஒரு மரக்கால். நிறுத்தலில் எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 கிராம். அரிசி அளக்கும்போது செட்டியார் முதற்படியை ஒன்று என்று எண்ணமாட்டார். ‘லாபம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் ‘ரெண்டு, மூணு’ என்று போவார். இது வியாபாரிகளின் பழைய சம்பிரதாயம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது நான் ஒருமுறை இந்த ரீதியிலே தொடங்கி, வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

பேரேடு என்றேன். அது சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான புத்தகம். நீளத்துக்குப் பாதி அகலம்கூட இராது. அன்றன்று கொடுத்ததை ஒரு சிட்டையில் கிறுக்கிக்கொண்டு, இரவு கடைக்கதவைப் பாதி சாத்திய பிறகு, மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் அதைப் பேரேட்டில் ஏற்றுவார். வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் வீட்டின் பெயர். மனிதர் பெயர் அன்று, வீட்டின் பெயர்! ‘மாடி வீட்டு வக்கீல்’, ‘தையல் மிஷின் வீடு’, ‘கோடி வீட்டு அம்மாள்’ என்று அவராகக் கொடுத்த நாமகரணங்கள். எங்கள் வீடு ‘முருங்கை மரத்து வீடு’. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு புயலில் அந்த முருங்கை மரம் விழுந்துவிட்டதாம். பேரேட்டில் மட்டும் அது கடைசிவரை காய்த்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் இல்லாத சமாசாரம் இல்லை. ஒரு வீட்டுப் பற்றில் திடீரென்று சர்க்கரையும் ரவையும் ஏறினால் பெண் பார்க்க யாரோ வந்து போனார்கள் என்று அர்த்தம். சுக்கும் ஓமமும் நல்லெண்ணெயும் கூடினால் பிரசவம். எள்ளும் பச்சரிசியும் பயற்றம்பருப்பும் ஒரே நாளில் போனால், அதைச் சொல்ல வேண்டியதில்லை. காப்பிக்கொட்டை அரை வீசையிலிருந்து கால் வீசைக்கு இறங்கினால் வீட்டு எஜமானருக்கு உத்தியோகம் போயிற்றென்று, அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் செட்டியாருக்குத் தெரிந்துவிடும். தையல் மிஷின் வீட்டில் ஒரு சமயம் அப்படி நேர்ந்தது. அந்த வீட்டுப் பையன் வந்து, வழக்கமாக வாங்கும் நெய்யை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேட்டபோது, செட்டியார் அவன் முகத்தைப் பார்க்காமலே, “நெய் இந்த வாரம் எனக்கே திருப்தியா இல்லே தம்பி, அடுத்த மாசம் நல்லதா வந்ததும் நானே அனுப்பறேன்னு அம்மாகிட்டே சொல்லு” என்றார். நெய்க்கு ஒரு குறையும் இல்லை. அதே நெய்யைத்தான் அரைமணி நேரத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு நான் வாங்கிப் போயிருந்தேன்.

நம்பிக்கையின் பேரில் கொடுக்கல் வாங்கல் என்பது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. 1872-லேயே இவ்வூரார் மயிலாப்பூர் ஹிந்து பர்மனென்ட் பண்டு என்று ஒரு நிதி ஸ்தாபனத்தை ஏற்படுத்திக்கொண்டு, சிறுவாட்டுப் பணத்தைப் போடுவதும் நகையை வைத்துக் கடன் வாங்குவதுமாக இருந்தார்கள். ஆனால் பெரிய பணம் வெள்ளைக்காரக் கம்பெனிக்குத்தான் போகும். நகரத்திலேயே பெயர் பெற்ற அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் விழுந்தது. உத்தியோகஸ்தர்கள், விதவைகள், பென்ஷன் வாங்கியவர்கள் என்று எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பும் அதோடு போயிற்று. கம்பெனியின் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். சுதேசிகளுக்குச் சொந்தமாக ஒரு பாங்கி வேண்டுமென்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று அடுத்த வருஷம், 1907 ஆகஸ்டில், இந்தியன் பாங்கியைத் தொடங்கியதற்கு இந்த விபத்தே முக்கிய காரணம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் செட்டியார் தம் தகப்பனாரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்: அந்த வருஷம் முழுவதும் பேரேட்டில் வரவுப் பத்தி வெறுமையாகக் கிடந்ததாம், பற்றுப் பத்தியில் மட்டும் எழுதிக்கொண்டே போனாராம், மூன்று வருஷத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வசூலாகிவிட்டதாம். ‘ஏறக்குறைய’ என்ற வார்த்தையை அவர் ஒருநாளும் விடமாட்டார். கணக்கு எழுதுகிறவர் அல்லவா!

1942-இல் நடந்த ஒன்றைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று ஏப்ரல் மாதம் பட்டணமே காலியாயிற்று. சர்க்காரே ஜனங்களை வெளியேறச் சொன்னது; ரயிலில் தொற்றிக்கொள்ள இடமில்லை. எங்கள் சந்தில் இருந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமத்துக்குக் கிளம்பியபோது, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழவே இல்லை. செட்டியார் தம் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் கடையில் தங்கினார். நூற்கண்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்து, பதினொரு வீட்டுச் சாவிகளையும் மாட்டி, ஒவ்வொன்றிலும் பொட்டல நூலால் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டாராம். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டையும் திறந்து விளக்கேற்றி வைத்துவிட்டுப் பூட்டுவாராம். திரும்பி வந்த பாட்டி, சாவியை வாங்கிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஒவ்வொரு பாத்திரமாக எண்ணிப் பார்த்தாள். இதையும் பாட்டியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்ததாம். விளக்கெண்ணெய்க்கு மட்டும் பற்றில் இரண்டணா ஏறியிருந்ததாம்.

யுத்தமும் ரேஷனும் வந்த பிறகு அரிசி அவர் கடையை விட்டுப் போயிற்று. அரிசி மூட்டை இருந்த மூலையில் வேறு சாமான் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. தினமும் பெருக்கி, காலியாகவே வைத்திருந்தார். 1952-இல் ராஜாஜி ரேஷனை எடுத்ததும், முதல் மூட்டை அந்த மூலையில் வந்து இறங்கிய தினத்தை நான் கண்ணால் பார்த்தேன். குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினார்.

மளிகைக் கடை ஒன்றே வீதி ஆகிவிடாது. நாட்டு மருந்துக்கு டப்பா செட்டி கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியதென்று சொல்லப்படும் அந்தக் கடை, அடுக்கடுக்கான தகர டப்பாக்களில் சரக்கை வைத்து விற்றதனால் வந்த பெயரோடு, இந்தப் பேட்டையின் பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்த்தது என்றால் மிகையாகாது. அங்கே போய்க் கேட்க வேண்டியதைப் பாட்டி மனப்பாடம் செய்வித்து அனுப்புவாள்: கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், மாசிக்காய். பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் பெயர் இராது. “பேர் சொல்லாதது ஒரு துண்டு” என்று கேட்க வேண்டும். அங்கே வேறு கேள்வி கிடையாது, வசம்பை எடுத்துக் கொடுப்பார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் கேட்கக் கூடாதென்பது போல, இதுவும் ஒரு விலக்கு. தீபாவளி சமீபித்தால் மருந்துச் சாமான் வாங்க அந்த வாசலில் கூடும் கூட்டம், பட்டாசுக் கடைக் கூட்டத்துக்குக் குறையாது. அன்று தின்னப்போகும் எண்ணெய்ப் பலகாரத்துக்கு முன்கூட்டியே செய்துகொள்ளும் பிராயச்சித்தம் அது.

ராயர் கபேயின் இட்டிலியையும் கெட்டிச் சட்டினியையும், மாட வீதியில் பத்திரிகையோடு ரோஸ் மில்க்கும் விற்ற காளத்தி கடையையும், 1901-இல் குப்புசாமி ஐயர் தொடங்கிய அல்லயன்ஸ் புத்தகசாலையையும், லஸ் மூலை நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களையும் பற்றி அநேகர் எழுதியிருக்கிறார்கள். அவற்றைக் கண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே செல்கிறேன். பேச்சு விறகுத் தொட்டிக்கு வர வேண்டியிருக்கிறது.

விறகுக் கடை என்று நாங்கள் சொல்வதில்லை. பட்டணத்தில் அது விறகுத் தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே, மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலியிலிருந்து ஒரு பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டில் மணங்குக் கற்கள், மறு தட்டில் கட்டை. அந்தச் சவுக்கு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத் தோணியில் வரும். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்க வேண்டி, 1877–78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதிதான் மயிலாப்பூரை ஒட்டி ஓடுகிறது. இன்று அதைப் பார்த்துவிட்டு, அதில் பாய் விரித்த தோணிகள் சென்றன என்று சொன்னால், சொல்கிறவனின் புத்தி ஸ்வாதீனத்தைச் சந்தேகிப்பார்கள். ஆனால் தோணிக்காரர்கள் நீண்ட கழியை ஊன்றிக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டியில் விறகு பிளக்கும் ஒருவர் கால்வாய்க்கு அந்தப் புறத்துக் குடிசைகளில் இருந்தவர். கோடையில் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போட்டால், கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று அவர் கையைக் குவிக்க, பாட்டி உயரத்திலிருந்து மோர் வார்ப்பாள். ஒருநாள் மாலை அவரைச் செட்டியார் கடையில் பார்த்தேன். அரையணாவுக்கு அரிசி நொய், காலணாவுக்குப் புளி, காலணாவுக்கு எண்ணெய் என்று வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காசை எண்ணிப் பலகையில் வைத்தார். சிட்டையில் ஒன்றும் எழுதப்படவில்லை. “அவருக்குப் பக்கம் எது?” என்று நான் செட்டியாரைக் கேட்டேன். “அவங்களுக்கெல்லாம் கைமேலே காசுதான் தம்பி” என்றார் அவர், பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல். வீசைக் கணக்கில் வாங்கும் எங்களுக்கு ஒரு விலையும், காலணாவுக்கு வாங்குகிறவருக்கு அதைவிடச் சற்று உயர்ந்த விலையும் என்பதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் சில வருஷங்கள் ஆயின. பதினொரு வீட்டுச் சாவியைக் காத்த அதே மனிதர்தான். அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. அவர் பேரேட்டில் பக்கம் வேண்டுமென்றால் முதலில் ஒரு சொந்த வாசற்படியோ மாதச் சம்பளமோ வேண்டும், அவை யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்பதைச் செட்டியாரா தீர்மானித்தார்? அக்கம்பக்கம் என்று நாம் உருகி உருகிப் பேசும் அந்தப் பழைய உறவுக்குக் கால்வாய்க் கரை ஓர் எல்லையாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால், இது கணக்கில் மறைத்த புள்ளி ஆகும்.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அதுவரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அதாவது ரூபாய்க்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு தம்பிடி. இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வர வேண்டும். கால் பைசா நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று சர்க்கார் ஒரு ஜாபிதா போட்டது. சர்க்காருக்குத் தெரியாது, எங்கள் பாட்டி மாதத்தில் பாதி நாள் மூன்றணாச் சாமான் வாங்குகிறவள் என்பது. பதினெட்டேமுக்கால் கொடுக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது கொடுக்க அவள் ஒப்பவில்லை.

“ஏன் செட்டியாரே, அந்தக் கால் பைசா யார் ஆத்துக்குப் போறது?” என்று, கடை வாசலுக்கே வராத பாட்டி, அன்று முக்காடிட்டுக்கொண்டு வந்து நின்று கேட்டாள்.

“ஓரணாவுக்கு ஆறுன்னு நீங்க கொடுக்கறப்போ, எனக்கு வர வேண்டிய கால் பைசா எங்கே போகுதோ, அங்கேதாம்மா இதுவும் போகுது” என்றார் செட்டியார்.

“நான் ஓரணாவுக்கு என்னிக்கு வாங்கினேன்?”

அந்தக் கேள்விக்குப் பேரேட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பார்த்தார்கள். மாதக் கணக்கு முடிவில் பாட்டி கொடுத்ததற்கும் செட்டியார் கேட்டதற்கும் மூன்று நயா பைசா வித்தியாசம் நின்றது. பாட்டி கொடுக்கவில்லை, செட்டியார் தள்ளவும் இல்லை. ‘முருங்கை மரத்து வீடு, நிலுவை ந.பை. 3’ என்று அடுத்த மாதப் பக்கத்தின் தலையில் ஏற்றினார். அதற்கடுத்த மாதமும் ஏற்றினார். வீசை போய்க் கிலோ வந்தது, ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று, பாட்டி காலமானாள். சகல காரியங்களுக்கும் வேண்டிய எள்ளும் பச்சரிசியும் அந்தப் பக்கத்திலேதான் எழுதப்பட்டன, மூன்று பைசா நிலுவைக்குக் கீழே.

அப்புறம் வீதி மாறிய வேகத்தைச் சொல்ல நீண்ட வாக்கியங்கள் தேவையில்லை. டிராம் வண்டி 1953-லேயே நின்றுவிட்டது. பர்ஷேன் காஸ் அடுப்பு வந்து விறகுத் தொட்டியை அணைத்தது. வாசலில் மாட்டைக் கட்டி, வைக்கோல் அடைத்த கன்றைக் காட்டிக் கறந்துகொண்டிருந்த பால்காரர் போய், பாட்டிலில் பால் வந்தது. கூட்டுக் குடும்பங்கள் பாகப் பிரிவினை ஆயின. ஓட்டு வீடுகளை இடித்து அடுக்கு வீடுகள் எழுந்தன. ஒரு வாசற்படி இருந்த இடத்தில் எட்டு அழைப்பு மணிகள். செட்டியாரின் பிள்ளைகள் ஒருவர் பாங்கியிலும் ஒருவர் கெமிஸ்டிரி ஆசிரியராகவும் போனார்கள். பலகை மேடையில் உட்கார அவர்களில் யாருக்கும் முழங்கால் மடங்கவில்லை. தென் ஜில்லாக்களிலிருந்து வந்த நாடார் குடும்பங்கள் பேட்டையின் மளிகை வியாபாரத்தைக் கைக்கொண்டன. அவர்களும் விடியுமுன் கடை திறந்து அசுர உழைப்பு உழைத்தவர்களே, செட்டியார் கடையை நினைத்துக்கொண்டு அண்ணாச்சி கடையைக் குறைத்துப் பேசும் மயிலாப்பூர்க்காரர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

எங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் அடையாறு போவதென்று தீர்மானமானபோது, கணக்கு முடிக்கப் போனேன். செட்டியாருக்குப் பார்வை மங்கியிருந்தது. பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, “நீயே கூட்டிச் சொல்லு தம்பி” என்றார். எனக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல். கூட்டினேன், பணத்தை வைத்தேன், கூடவே மூன்று பைசாவையும் எடுத்து வைத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, அந்த மூன்று பைசாவை மட்டும் என் பக்கம் தள்ளினார். “இது உன் கணக்கு இல்லே. அது பாட்டியம்மாவுக்கும் எனக்கும் இருக்கிற வழக்கு.”

சென்ற புரட்டாசியில் வடக்கு மாட வீதிக்குப் பொம்மை வாங்கப் போனேன். கச்சேரி ரோட்டில் பாதாள மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கொலுப் படிகளுக்கு அடியில், தொந்தியும் தொடையுமாகச் செட்டியாரும் பக்கத்தில் செட்டிச்சியும் உட்கார்ந்து, முன்னால் சின்னஞ் சிறு கிண்ணங்களில் அரிசி பருப்பு மஞ்சள் பரப்பி வியாபாரம் செய்வது தமிழ்நாட்டுக் கொலுக்களுக்கெல்லாம் பொது. எங்கள் செட்டியார், நவராத்திரி முதல் நாள், சந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் அந்தப் பொம்மைக் கடைக்கு வேண்டிய சாமானை விரற்கடைப் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுப்பார். கணக்கு எழுதமாட்டார். “அவரும் எங்க தொழில்காரர்தானே, அவர்கிட்டே காசு வாங்கலாமா?” என்பார். எங்கள் வீட்டுச் செட்டிச்சிக்கு இந்த வருஷம் கை உடைந்துவிட்டது. ஜோடியாகத்தான் கிடைக்குமென்று நடைபாதைப் பொம்மைக்காரி சொன்னாள். பேரம் பேசி, சொன்ன விலையில் நூறு ரூபாய் குறைத்து, கொசுறாக ஐந்து கிண்ணங்களும் கேட்டு வாங்கிய பிறகு பார்த்தால், கையில் பத்து ரூபாய் குறைகிறது. போனைத் தட்டிப் பணம் அனுப்பும் வித்தை எனக்கு வராது. பொம்மையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“எடுத்துக்கினு போ தாத்தா, அடுத்த வாட்டி வரச்சொல்லோ குடு” என்றாள்.

விஜயதசமிக்கு மறுநாள் போனேன். பொம்மைக் கடைகள் எடுபட்டு, நடைபாதை கழுவிவிட்டதுபோல் இருந்தது. அவள் எந்த ஊர், எங்கே இருக்கிறாள் என்று பூக்கடையில் கேட்டேன்; தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் டைரியின் கடைசிப் பக்கத்தில், பிள்ளையார் சுழி போட்டு, ‘பொம்மைக்காரி, நிலுவை ரூ. 10’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.